ஒன்லைனில் வாங்கிய ரெகுலேற்றரும் கடையில் அடித்த காற்றும்

எனக்கு மற்றவர்களைவிட அருவருப்பு கூட. மீன்பிடி ஊரான பேசாலையில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு இதைவிட உதவாத குணம் வேறு இருக்க முடியாது. நான் பிறந்தது பாப்பாமோட்டையில், வயல்காரர் வீட்டில். சேறும் சாணியும் எனக்கு ஒன்றும் செய்யாது. அட்டை கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு நாற்று நடுவேன். ஆனால் மீன் செதில், ஊறிப்போன வலை, ஒருவர் வாய் வைத்த போத்தலை இன்னொருவர் துடைக்காமல் குடிக்கிறது, இவையெல்லாம் என் வயிற்றைப் புரட்டிவிடும். என் மனுசன் இதைப் பார்த்துச் சிரிப்பார். "உனக்கு மூக்கு வைக்கேக்க ஆண்டவர் கொஞ்சம் கூடத்தான் வச்சிட்டார்" என்பார்.

அவர் சுழியோடி. சங்கும் கடலட்டையும் எடுக்கிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் ரெகுலேற்றரைக் கடித்துக்கொண்டு இறங்குவார். சிலிண்டருக்குள் நெருக்கி அடைத்த காற்றை மூச்சுக்கு ஏற்றமாதிரி வாய்க்குக் கொண்டுவந்து தருகிற சாமான்தான் ரெகுலேற்றர். அதன் நுனியில் பல்லால் கடித்துப் பிடிக்க ஒரு ரப்பர் இருக்கும். கடலுக்கு அடியில் மூக்குக்கு வேலையில்லை, வாய் ஒன்றுதான் வழி. அந்தச் சாமானும் அதற்குள் வருகிற காற்றும் சரியாக இருந்தால் அவர் மத்தியானத்துக்கு வீட்டுக்கு வருவார். இல்லையென்றால் வரமாட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் பயம் இவ்வளவும்தான்.

சோளகக் காற்று தொடங்குகிற நேரத்தில் அவருடைய பழைய ரெகுலேற்றர் உப்புத்தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மிடறு கடல் உள்ளே போகிறது என்றார். ஏதோ தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது என்கிற மாதிரித்தான் சொன்னார். நான் கையோடு அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் சுழியோடிச் சாமான் விற்கிறது ஒரே ஒரு கடைதான். வலை, கயிறு, எஞ்சின் ஒயில் எல்லாம் முன்பக்கம் கிடக்கும். உள்ளே, கூரை வளையிலிருந்து, பழைய ரெகுலேற்றர்கள் கொத்தாகத் தொங்கும். வெள்ளைக்காரர் வந்து சுழியோடிப் பார்க்கிற இடங்களில் கழித்துவிடுகிறதை முதலாளி வாங்கிவந்து எங்கள் ஆட்களின் தலையில் கட்டுவார். அவர் துப்புரவான ஆள். வெள்ளை வேட்டி, மடித்த கைலேஞ்சி, கழுத்தில் பவுடர். கல்லாவுக்கு மேலே ஊதுபத்தி புகைந்துகொண்டே இருக்கும். அவர் ஒன்றைக் கழற்றி எங்கள் முன்னால் வைத்தார். ரப்பரில் பல் பதிந்த அடையாளம் அப்படியே இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உள்ள ஆள் போலிருக்கிறது. ஓரத்தில் பச்சையாக ஏதோ பிடித்திருந்தது.

"ஆற்ற பல்லு இது?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன்ர, தங்கச்சி. நல்ல சாப்பாடு சாப்பிடுற ஆக்கள்."

"இந்த ரப்பரை மட்டும் புதுசாத் தாங்கோ."

"ரப்பர் தனிய வாறேல்ல. எடுத்தால் முழுசா எடுக்கவேணும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்க என் மனுசன் அதைத் தூக்கி, சாரத்தில் ஒரு தேய்ப்புக்கூடத் தேய்க்காமல், வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். "மூச்சு நல்லா வருது" என்றார். யாரோ ஒருவன் கடித்துச் சப்பிக் கழித்த சாமானை, நான் சோறு போடுகிற வாய்க்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சிரித்துக் காட்டுகிற மனிதரை என்ன செய்கிறது? "கொதிதண்ணியில போட்டால் சரிதானேயப்பா" என்றார். நான் அதைப் பிடுங்கிக் கல்லாவில் வைத்தேன்.

"அப்ப எங்க வாங்கப்போறியள்?" என்று கேட்டார் முதலாளி.

"போனில வாங்கிறன்."

அவர் கோபிக்கவில்லை. கைலேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாங்குங்கோ தங்கச்சி. காத்தையும் போனிலயே அடியுங்கோ."

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனுசனும் சிரித்தார். எனக்கு அவரில்தான் கூட ஆத்திரம் வந்தது.

போனில் எல்லாமே துப்புரவாக இருந்தன. வெள்ளைத் தாளில் வைத்துப் படம் பிடித்த ரெகுலேற்றர்கள், ஒரு விரல் அடையாளம்கூட இல்லாமல். கீழே வாங்கினவர்களின் கருத்துகள். ஒருவர் "சுப்பர்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அதன் கீழே இன்னொருவர், பார்சல் இன்னும் வரவில்லை என்று எழுதி, அவரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இது எங்கள் சிலிண்டருக்குப் பொருந்துமா என்று கேட்டு, சிலிண்டரின் வாயைப் படம் எடுத்து அனுப்பினேன். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டேன். திரும்பவும் நன்றி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிற பிறவியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கடையில் என்றால் முகத்தைப் பார்த்தாவது ஏசலாம். இதிலே யாரை ஏசுகிறது?

ஆனாலும் வாங்கினேன். ரெகுலேற்றர் ஒன்று, முகத்துக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று. பார்சல் கொண்டுவருகிற பெடியன் பேசாலைக்கு வரமாட்டானாம். "அக்கா, டவுனுக்கு வந்து எடுங்கோ, இஞ்ச வெயில்" என்றான். வெயில் அவனுக்கு மட்டும்தான் அடிக்கிறது போல. மன்னாருக்கு பஸ் ஏறி, மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி போய், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வைத்துப் பிரித்தேன். கண்ணாடியின் பட்டியில் ஒரு மயிர் சிக்கியிருந்தது. நீளமாக, செம்பட்டை நிறத்தில். உள்ளே கண்ணாடியில் மூக்கு ஒத்தின இடத்தில் மங்கலாக எண்ணெய்க் கறை. யாரோ வாங்கி, போட்டுப் பார்த்து, பிடிக்காமல் திருப்பி அனுப்பியதை இவர்கள் துடைக்கவும் செய்யாமல் 'புத்தம் புதியது' என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரனாவது வெள்ளைக்காரன்ர பல் என்று உள்ளதைச் சொன்னான். அந்த மயிரை ஈர்க்கால் எடுத்து அடுப்பில் போட்டேன். கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டு, உப்புப் போட்டு, வேப்பிலை போட்டு அவித்தேன். அதன் பிறகும் அதைத் தொட்ட கையால் எனக்குச் சோறு பிசைய முடியவில்லை.

ரெகுலேற்றர் மட்டும் உண்மையிலேயே புதிது. ஒட்டின பைக்குள் இருந்தது. ரப்பரில் ஒரு கீறல் இல்லை. மோந்து பார்த்தேன், புதுச் செருப்பு மணம். அவருக்குக் கொடுக்க முன்னம் நானே ஒரு தரம் கடித்துப் பார்த்தேன். முதல் பல் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சிலிண்டரில் பூட்டினார், பொருந்தியது. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஆனால் முதலாளி சொன்னது பகிடியில்லை என்று அடுத்த நாள் விளங்கியது. சிலிண்டரில் காற்று முடிந்தால் நிரப்பவேண்டும். நிரப்புகிற கொம்பிரசர் அந்தக் கடையின் பின் கொட்டிலில்தான் இருக்கிறது. டீசல் எஞ்சினில் ஓடுகிற மெசின். வேறு இடம் இல்லை. போனில் ரெகுலேற்றர் வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், வெள்ளைக்காரியின் மயிரும் இனாமாகக் கிடைக்கும். காற்று அந்தக் கொட்டிலில்தான். மற்றவர்களின் சிலிண்டரெல்லாம் நிரம்பிப் போன பிறகுதான் எங்களுடையதை எடுத்தார் முதலாளி. "போன்காரர் கொஞ்சம் பொறுங்கோ" என்பாராம். என் மனுசன் பொறுத்துக்கொண்டு நிற்பார். அவர் பொறுக்காத ஒன்று இந்த உலகத்தில் உண்டா தெரியாது.

சோளகம் நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு மத்தியானம் கூடப் படகில் போன இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்குள் தலை பிளக்கிற மாதிரி இடித்ததாம். மேலே வந்து படகு முழுக்கச் சத்தி எடுத்தாராம். வாசலில் திரும்பவும் எடுத்தார். முகம் வெளிறி, கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் காலெல்லாம் நனைந்தது. அப்போது எனக்கு அருவருப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அருவருப்பு பிறகு வந்தது, கூட வந்தவர்கள் வாயைத் திறந்தபோது.

"அக்கா, போன் சாமான். உயிரோட விளையாடாதேங்கோ."

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி இவர் மூக்கில் ஒட்சிசன் வைத்துவிட்டுக் கேட்டா: "கீழ என்னத்தைச் சுவாசிச்சனீங்கள்?"

"காத்துத்தான்" என்றார் இவர்.

"என்ன காத்தெண்டு தெரியிறவரைக்கும் கடலுக்குப் போகக்கூடாது" என்றா அவ.

ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலாளி கதையைச் சொல்லியிருக்கிறார். ரோட்டால் போனால் "ரெகுலேற்றரை மாத்தினீங்களோ?" என்று கேட்கிறார்கள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரு மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, பார்த்து வாங்கியிருக்கலாம்" என்றா, ஏதோ நான் அவரை நஞ்சு வைத்துக் கொல்லப் பார்த்த மாதிரி. அந்தக் கையை உதறிவிடாமல் நின்றதே பெரிய காரியம்.

டொக்டர் சொன்னதை இவர் நாலு நாள்கூடக் கேட்கவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போய், அந்தப் பல் பதிந்த ரெகுலேற்றரைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமலே, "அவிச்சுத் தா" என்றார். அவித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? மறுநாள் அதைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அதே தலையிடி, அதே சத்தி.

போன் சாமானும் சத்தி எடுக்க வைத்தது, கடைச் சாமானும் சத்தி எடுக்க வைத்தது. படகில் போகிற மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர் கிழமைக்கணக்காகத் தலையிடிக்குப் பனடோல் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறாராம். இன்னொருவருக்குக் கண் இருட்டுகிறதாம். "வெயில்தான் அக்கா" என்றார்கள். எல்லோருக்கும் தலையிடி, எல்லோருக்கும் வெயில், என் மனுசனுக்கு மட்டும் போன். இந்த மனிதர்களை என்ன சொல்லித் திட்டுகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

முற்றத்தில் நிரப்பின சிலிண்டர் ஒன்று நின்றது. அதன் வாயைக் கொஞ்சம் திறந்து முகத்தைக் கொண்டுபோனேன். சீறிக்கொண்டு வந்த காற்றில் புகை மணத்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். வயலில் இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பின்னால் நடக்கிறவர்கள் மூக்கில் ஏறுகிற மணம் அது. இவரைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னேன்.

"ஒண்டும் இல்லையே" என்றார். "சும்மா காத்துத்தானே."

குடிகெட்ட மூக்கு. பிறந்த நாளிலிருந்து படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து, இந்த ஊர் ஆண்களுக்குப் புகை என்பது காற்று மாதிரியே ஆகிவிட்டது. அவர்களுக்கு அது மணமே இல்லை.

சிலிண்டரையும் எங்கள் ரெகுலேற்றரையும் ஓட்டோவில் ஏற்றி, இவரையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். பின் கொட்டிலில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அது காற்றை இழுக்கிற குழாயின் வாய் எங்கே என்று தேடினேன். எஞ்சின் புகை கக்குகிற இடத்துக்கு மேலே, தூணில், நைலோன் கயிற்றால் அழகாகக் கட்டியிருந்தது. காற்று அள்ளி அள்ளிப் புகையைக் குழாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது.

"இது முந்தி எங்க இருந்தது?" என்று கேட்டேன்.

"பின் யன்னலுக்கு வெளியில" என்றார் முதலாளி. "அங்கால கருவாட்டு வாடி. சோளகம் துவங்கினவுடன எல்லா நாத்தமும் குழாய்க்க போகுது. காத்து கருவாடு மணக்குது, கீழ குமட்டுது எண்டு இவயள்தான் சொன்னவை. அதுதான் உள்ளுக்க எடுத்துக் கட்டினனான்."

சிலிண்டரோடு வரிசையில் நின்ற சுழியோடிகளைப் பார்த்தேன். ஒருவர் ஆமென்று தலையாட்டினார். கருவாட்டு மணம் பொறுக்காமல், புகையை விலைகொடுத்து வாங்கி, அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கடலுக்கு அடியில் போயிருக்கிறார்கள். மீன் கழுவின கையால் வெற்றிலை போடுகிறவர்கள், ஒரே ரப்பரை நாலு பேர் மாறி மாறிக் கடிக்கிறவர்கள், அவர்களுக்குக் கருவாட்டு மணம் குமட்டியதாம்.

ரெகுலேற்றரைச் சிலிண்டரில் பூட்டி முதலாளியிடம் நீட்டினேன். "நீங்கள் அடிச்ச காத்துத்தானே. ஒருக்கா இழுத்துப் பாருங்கோ."

அவர் பின்வாங்கினார். கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி, வேற ஆள் வாய் வச்சதை நான் எப்பிடி வைக்கிறது? எனக்கு அரியண்டம்."

அவருக்கும் அருவருப்பாம். யாரோ பின்னால் சிரித்தான். சிரிக்கிற கதையா அது? நான் அந்தத் தூணில் இருந்த கட்டை அவிழ்த்து, குழாயை இழுத்துக்கொண்டுபோய், பின் யன்னலால் வெளியே விட்டேன். வெளியே பரண்களில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இலையான் மொய்த்தது. குழாயின் வாயை ஒரு தடியில் உயர்த்திக் கட்டினேன். முதலாளி தடுக்கவில்லை. "பிறகு நாறுது எண்டு என்னட்ட வரப்பிடாது" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு என் மனுசன் சத்தி எடுக்கவில்லை. பனடோல் போட்டவருக்கும் பனடோல் தேவைப்படவில்லை. ஆனால் நன்றி சொல்ல யாரும் எங்கள் படலைக்கு வரவில்லை. முறைப்பாடுதான் வந்தது. காற்று கருவாடு மணக்கிறதாம், வாய் கசக்கிறதாம். "உன்ர மனுசியாலதான் இந்த நாத்தம்" என்று படகில் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் நான் போய்ப் பார்க்கையில் குழாய் திரும்பவும் உள்ளே இருந்தது. யார் எடுத்துக் கட்டியது என்று கேட்டேன். முதலாளி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். குழாயை நானே திரும்பவும் அவிழ்த்து வெளியே விட்டுக் கட்டினேன்.

இவர் இரவுச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ இனிக் கடைப்பக்கம் போகாத. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம்."

"நான் போகேல்ல. நீங்களும் கடலுக்குப் போகாதேங்கோ" என்றேன்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். விடிய எழும்பிப் போனார். போகத்தான் வேண்டும், வேறு தொழில் அவருக்குத் தெரியாது. காற்றடிக்கிற மெசினையும் போனில் தேடிப் பார்த்தேன். எங்கள் வீட்டையும் படகையும் சேர்த்து விற்றாலும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடியும்.

ஆகவே சிலிண்டர்களுக்குக் காற்றடிக்கிற பின்னேரங்களில் நான் அந்தக் கருவாட்டு வாடிக்குள் போய், குழாயின் வாய்க்குக் கீழே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கன்னத்தில் இருந்து இலையானைக் கலைத்துக்கொண்டு. யன்னலுக்கு உள்ளேயிருந்து "காத்துக்காரி வந்திட்டா" என்கிறார்கள். சொல்லட்டும். நான் எழும்பிப் போனால் குழாய் உள்ளே போய்விடும். அந்த நாற்றம் என் தலைமயிரில் ஏறிவிட்டது, சவர்க்காரத்துக்குப் போகவில்லை. அந்த ஊதுபத்தி முதலாளியில், நன்றி சொல்கிற போனில், புகையை ருசி பார்த்துக்கொண்டு என்னைப் பகிடி பண்ணுகிற ஆண்களில், எல்லோரிலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

மத்தியானம் அவர் கடலால் வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிகிறார். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கிறேன். அவர் விடுகிற மூச்செல்லாம் கருவாடு மணக்கிறது. எனக்குக் குமட்டுகிறது. மணக்கட்டும்.